என் சம்பளத்துல ஒரு புடவை வாங்கினா ஏன் திருடின மாதிரி இருக்கு?

இந்த வாரம் எடுத்துக்கிட்ட லெட்டர் திருவாரூர் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருக்கவங்க எழுதினது. பேரு ஊரு போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, ஆள் தெரியாம இருக்க ஒண்ணு ரெண்டு விவரத்தை நானும் மாத்தியிருக்கேன். ரொம்ப நீளமான லெட்டர், அதனால சுருக்கமா சொல்லிடறேன்.

வயசு 39. பிடித்தம் எல்லாம் போக கைக்கு 64 ஆயிரம் வருது. வீட்டுக்காரர் டவுன்ல உரக்கடை வெச்சிருக்கார், விவசாயிங்க கடனுக்கு வாங்கிட்டு அறுப்பு முடிஞ்சு குடுக்கிற வியாபாரம், அதனால மாசாமாசம் நிலையா வர்றது இவங்க சம்பளம்தான். பொண்ணு பத்தாவது, பையன் ஏழாவது, கூட மாமியார். வீட்டு லோன் 18,500, ஆர்டி 8,000, வார்டுல ஒரு சிஸ்டர் நடத்துற சீட்டுக்கு 5,000, பொண்ணு ட்யூஷன் 6,000, வலங்கைமான் பக்கம் தம்பி வீட்ல இருக்கிற அம்மாவுக்கு 3,000, வீட்டுச் செலவு 15 ஆயிரம். எல்லாம் போயும் 8,500 மிஞ்சுது. ஊதாரித்தனம் எதுவும் இல்ல, கடன் அட்டை கூட இல்ல.

ஆனா தனக்குன்னு ஒரு ரூபா எடுத்தா மனசு உறுத்துதாம். நைட் டூட்டி முடிச்சு வர்றப்ப ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபா குடுக்க மனசு வராம, மகளிருக்குக் காசு வாங்காத டவுன் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நிக்கிறாங்க. பஸ் ஸ்டாண்ட் எதிர்ல கும்பகோணம் டிகிரி காபின்னு போர்டு போட்ட கடை, பித்தளை டவரா டம்ளர்ல குடுக்குறான், 30 ரூபா. அதைக் குடிச்சுட்டு வந்த நாள்ல மத்தியானம் தூங்க முடியலையாம், "பையனுக்கு ரெண்டு நோட்டு வாங்கியிருக்கலாமே"ன்னு ஓடிட்டே இருக்காம். போன பொங்கலுக்கு 1,450 ரூபாய்க்கு ஒரு காட்டன் புடவை எடுத்திருக்காங்க, வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி விலைச்சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, மாமியார் கேட்டப்ப 600 ரூபான்னு சொல்லிட்டாங்க. மாமியாருக்கு ஒரே சந்தோஷம், "இவ்ளோ சல்லிசாவா, எனக்கும் என் தங்கச்சிக்கும் ஆளுக்கொண்ணு வாங்கிட்டு வா"ன்னு 1,200 ரூபாயை எண்ணிக் கையில குடுத்துட்டாங்க. வேற வழி? மேல 1,700 ரூபா கைக்காசு போட்டு ரெண்டு புடவை எடுத்துட்டு வந்து ரெண்டும் 600 ரூபான்னே சொல்லியிருக்காங்க.

கேக்குறது மூணு. இது ஓசிடி (ஒரே நெனப்பும் செயலும் திரும்பத் திரும்ப வர்ற மனநோய்) மாதிரி நோயா? நான் கஞ்சமா, இல்ல உண்மையிலேயே செலவுல கை நீண்டு போச்சா? பேசாம ஏடிஎம் கார்டை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டா இந்தத் தொல்லை விடுமா?

அந்த லிஸ்ட்டைப் பத்தி முதல்ல

வணக்கம் சிஸ்டர். பேரு போட வேண்டாம்னுட்டீங்க, அதனால வார்டுல எல்லாரும் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுறேன்.

நீங்க லெட்டர் கூட மூணு மாசச் செலவு லிஸ்ட் ஒண்ணு வெச்சு அனுப்பியிருந்தீங்க, மனசு உறுத்தின செலவுக்கெல்லாம் சிவப்பு மையில டிக் போட்டு. எழுதினதை விட எனக்கு அதுதான் நிறைய சொல்லுச்சு. சிவப்பு விழுந்தது எதெதுன்னா, புடவை 1,450, செருப்பு 900, பார்லர் 350, மூணு மாசத்து காபி பஜ்ஜி ஆட்டோ எல்லாம் சேத்து 640. மொத்தம் 3,340. மூணு மாசத்துல உங்க கைக்கு வந்தது 1,92,000, அதுல பாத்தா 100 ரூபாய்க்கு 2 ரூபா கூட வரலை.

சிவப்பு விழாதது எது? பேராவூரணி பக்கம் வீட்டுக்காரர் சொந்தத்துல ரெண்டு இடத்துக்குச் செஞ்ச மொய் 14 ஆயிரம். பொண்ணுக்கு வாங்கின அரைப் பவுன் கம்மல். சம்பா சீசனுக்குச் சரக்கு எடுக்கணும்னு வீட்டுக்காரருக்குக் குடுத்த 1 லட்சம், சேமிப்புலேர்ந்து எடுத்தது, அது திரும்பி வந்துச்சான்னு நீங்க எழுதவே இல்ல. இதையெல்லாம் தப்புன்னு சொல்ல வரல. ஆனா அந்த 1,700 ரூபாயைப் பாருங்க, மாமியார் புடவைக்குக் கைக்காசு போட்டது. சுத்தமா வீணாப் போன காசு அது, பொய்க்குக் குடுத்த விலை. அதுக்கு சிவப்பு டிக் இல்ல! அதே கடை, அதே புடவை, உங்க உடம்புக்கு எடுத்த 1,450-க்கு மட்டும் சிவப்பு.

அதனால உங்க உறுத்தல் தொகையைப் பாத்து வர்றது இல்ல, ஆளைப் பாத்து வருது. வாங்குறது யாருக்குன்னு கேட்டு, "எனக்கு"ன்னு பதில் வந்தா உடனே மணி அடிக்குது. நீங்க இதை சிக்கனம்னு நெனச்சுட்டு இருக்கீங்க, நான் அப்படி நெனைக்கல. சிக்கனமா இருக்கிறவங்களுக்கு மிச்சம் பிடிக்கிறதுல ஒரு சந்தோஷம் இருக்கும், பத்து ரூபா குறைச்சு வாங்கிட்டோம்னு ரெண்டு நாள் சொல்லிட்டுத் திரிவாங்க. உங்களுக்கு மிச்சம் பிடிச்சாலும் சந்தோஷம் இல்ல, செலவு பண்ணினாலும் இல்ல. இந்த வித்தியாசத்தை வெச்சு ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன்னு மூணு பேர் 2008-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 13 ஆயிரம் பேருக்கு மேல கேட்டது. காசு கையை விட்டுப் போறப்ப வலிக்கிற ஆளுங்க, தாராளமா அள்ளி விடுற ஆளுங்களை விட அதிகம், மூணுக்கு ரெண்டுங்கிற கணக்குல. அதனால நீங்க ஒண்ணும் தனி ரகம் இல்ல.

கஞ்சமான்னு கேட்டீங்களே, இல்ல. 14 ஆயிரம் மொய் எழுதுற கையை யாரும் கஞ்சக் கைன்னு சொல்ல மாட்டாங்க.

வேப்பங்குச்சி

லெட்டர்ல நாலாவது பக்கத்துல, ஏதோ சம்பந்தமில்லாம சொல்ற மாதிரி ஒரு விஷயம் எழுதியிருந்தீங்க. அப்பா மூணு ஏக்கர் குத்தகைக்குப் பாத்தது, மளிகைக் கடையில கடன் நோட்டு, "அறுப்பு முடியட்டும் செட்டியாரே"ன்னு அம்மா சொல்றது. 2002, 2003 ரெண்டு வருஷமும் ஜூன் 12-ல மேட்டூர் திறக்கல, தண்ணி இல்ல, குறுவை போச்சு. சரியா அந்த நேரம் நீங்க ப்ளஸ் டூ முடிச்சு நர்சிங் சேரணும். அம்மா தோட்டை அடகு வெச்சாங்க, மீட்க முடியல, மூழ்கிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் காது ஓட்டை தூந்து போகாம இருக்க வேப்பங்குச்சியைச் சொருகிக்கிட்டே அம்மா நாத்து நடப் போனாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஒரு வரியில உங்க கையெழுத்தே மாறியிருந்துச்சு.

ஒரு புடவைக் கடையில நின்னு 1,450-ன்னு பாக்குறப்ப உங்க மனசு முன்னாடி அந்தக் காதுதான் வந்து நிக்குது. நமக்காக வயித்தைக் கட்டி வாயைக் கட்டினவங்க இருக்கப்ப நாம நல்லா இருந்தா அது துரோகம்னு ஒரு கணக்கு, யாரும் சொல்லிக் குடுக்காமலே டெல்டாவுல பாதி வீட்டுப் பிள்ளைங்ககிட்ட இருக்கு. என்கிட்ட வர்றவங்கள்ல பேங்க் மேனேஜரும் இருக்காங்க, வெளிநாட்டுல சம்பாதிச்சுட்டு வந்தவங்களும் இருக்காங்க, சொல்றது என்னவோ இதேதான்.

பயிர் வீட்டுக் காசுக்கு ஒரு குணம் உண்டு. வருஷத்துல ரெண்டு தடவை வரும், நடுவுல வராது, வருமாங்கிறதும் நம்ம கையில இல்ல. அந்த வீட்ல "இப்ப வேண்டாம்"னு சொல்றதுதான் புத்திசாலித்தனம். 2013-ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, நம்ம தமிழ்நாட்டுலயே பண்ணது, விழுப்புரம் திருவண்ணாமலை பக்கம் 464 கரும்பு விவசாயிங்க. அதே ஆளுக்கு அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, கையில காசு வந்த அப்புறம் ஒரு தடவை, யோசிக்கிற திறனுக்கு டெஸ்ட் வெச்சாங்க. முன்னாடி வெச்ச டெஸ்ட்ல மார்க் குறைவு, அதே மனுஷன்தான். காசு முடை மூளையில பெரிய இடத்தைப் பிடிச்சுக்குதுன்னு அவங்க முடிவுக்கு வந்தாங்க. உங்க விஷயத்துல என்ன நடக்குதுன்னா, சம்பளம் மாசக் கடைசியில டாண்ணு வருது, பென்ஷனுக்குன்னு அடிப்படைச் சம்பளம் டிஏ சேத்து 10 பர்சென்ட் பிடிச்ச அப்புறம்தான் கைக்கே வருது, அதாவது நீங்க காசைக் கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே சேமிப்பு ஆயிடுது, ஆனா மனசு மட்டும் இன்னும் அறுப்புக்கு முன்னாடி மாசத்துலயே இருக்கு.

ஒண்ணு கேக்குறேன். அம்மா காதுல இப்ப என்ன இருக்கு? 2011-ல முதல் அரியர்ஸ் வந்தப்ப தோடு வாங்கிக் குடுத்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மாசம் 3,000 போகுது. அடைச்சு முடிச்ச கடனுக்கு இன்னமும் வட்டி கட்டிட்டு இருக்கீங்க சிஸ்டர். அடுத்த தடவை வலங்கைமான் போறப்ப அம்மாகிட்ட நேராவே கேட்டுப் பாருங்க, நான் 1,450-க்கு ஒரு புடவை எடுத்தேன்மான்னு. அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா அவங்க சொல்றதா நீங்க இத்தனை வருஷம் மனசுக்குள்ள கேட்டுட்டு இருக்கிற பதில் அவங்களோடது இல்லைங்கிறது மட்டும் தெரிஞ்சிடும்.

விலையை மாத்திச் சொல்றது

இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. 1,450 ரூபா புடவை கடைசியில 3,150-ல முடிஞ்சது, அது கூடப் போகட்டும். விலையைக் குறைச்சுச் சொல்ற ஒவ்வொரு தடவையும் "நான் பண்ணது தப்புதான்"னு நீங்களே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்றீங்க, அடுத்த தடவை உறுத்தல் இன்னும் ஜாஸ்தியாகும். போதாததுக்கு வீட்ல இருக்கவங்களுக்கு விலைவாசியே தெரியாமப் போயிடுது, 600 ரூபாய்க்கு நல்ல காட்டன் புடவை கிடைக்கும்னு உங்க மாமியார் இப்ப தெருவெல்லாம் சொல்லியிருப்பாங்க.

பழசைப் போய் ஒத்துக்கணும்னு இல்ல, அது வீண் ரசாபாசம். இனிமே எடுக்கிறதுக்கு உண்மை விலையைச் சொல்லுங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க, கேக்காம போய் விளக்கம் குடுக்காதீங்க. "1,200 அத்தை"ன்னு ரெண்டே வார்த்தை, அதுக்கு மேல "ஆடித் தள்ளுபடியில போட்டிருந்தான், ரொம்ப நாள் உழைக்கும், டூட்டிக்குப் போட ஒண்ணும் இல்ல"ன்னு வால் ஒட்டாதீங்க. உங்க லெட்டர் பூரா இந்த வால்தான், செருப்பு வாங்கினா முதுகு வலிக்கு, காபி குடிச்சா தலைவலிக்கு, பார்லர் போனா மேட்ரன் சொன்னாங்க. பிடிச்சிருந்துச்சு வாங்கினேன்னு எட்டுப் பக்கத்துல ஒரு இடத்துல கூட இல்ல. மாமியார் "அவ்ளோவா?"ன்னு முகத்தைச் சுளிக்கலாம், சுளிக்கட்டும், ஒரு சாயங்காலம் தாங்கும்.

அப்புறம், வீட்டுக்காரர் ஒரு நாளும் கணக்கு கேட்டதில்ல, "வாங்கிக்கயேன், ஏன் இப்படி யோசிக்கிற"ன்னுதான் சொல்வார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப யாருக்குப் பயந்து விலைச்சீட்டைக் கிழிச்சீங்க? இன்னொண்ணு, அவர் கடையில ஒரு நாளைக்கு நாலு டீ, பேப்பர், வெத்தலை பாக்கு, வர்ற பார்ட்டிக்கெல்லாம் டீ, அதை யாராவது சிவப்பு மையில எழுதுறாங்களா? அவரைக் குத்தம் சொல்லல. ஆம்பளைங்க குடிக்கிற டீ வியாபாரச் செலவு, பொம்பளைங்க குடிக்கிற காபி ஆடம்பரம்னு நாம எப்பவோ பிரிச்சு வெச்சுட்டோம், அவ்ளோதான்.

கார்டை அவர்கிட்ட குடுத்துடலாமா?

வேண்டாம். மூணு கேள்வியில இதுக்கு மட்டும் யோசிக்காம பதில் சொல்றேன்.

கார்டு கையில இல்லைன்னா 30 ரூபாய்க்கு அவர்கிட்ட கேக்கணும், இப்ப மனசுக்குள்ள மட்டும் நடக்கிற விசாரணை அப்ப வாய்விட்டு நடக்கும். அவர் நல்லவர்தான், ஆனா சீசன் வியாபாரி. ஜூன்லயும் செப்டம்பர்லயும் சரக்கு எடுக்கப் பணம் பத்தாம நிக்கிறப்ப கையில ஒரு கார்டு இருந்தா யாரா இருந்தாலும் கை போகும், உங்க சம்பளம் கடை முதலாயிடும். அவருக்கு உதவணும்னா உதவுங்க, ஆனா இவ்ளோ குடுத்தேன், இந்தத் தேதிக்குள்ள திரும்பணும்னு எழுதி வெச்சுக் குடுங்க. அந்த 1 லட்சத்துக்கும் தேதி கேளுங்க. மொய்க்கே நோட்டு போட்டு எழுதுற ஊரு நம்ம ஊரு, இதுல என்ன கூச்சம்.

பேங்க் பக்கத்துலயும் சிக்கல் இருக்கு. பின் நம்பரை நாமளே இன்னொருத்தருக்குக் குடுத்து அதனால பணம் களவு போனா, பேங்க்ல புகார் குடுக்கிற வரைக்கும் போன நஷ்டம் நம்ம தலையிலதான் விழும், 2017-ல ரிசர்வ் பேங்க் போட்ட விதி அப்படி.

நான் வக்கீல் இல்ல, ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. "கல்யாணம் ஆன பிறகு என் சம்பளம் அந்த வீட்டுக்குத்தானே சொந்தம்"னு எழுதியிருந்தீங்க, சட்டம் அப்படிச் சொல்லல. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவு, ஒரு பொண்ணு தன் உழைப்பால, திறமையால சேத்தது உட்பட அவகிட்ட இருக்கிற சொத்துக்கு அவளே முழு உரிமைக்காரின்னு சொல்லுது. குடும்பத்துக்குக் குடுக்கிறது உங்க அன்பு, பொறுப்பு. உங்க வீட்ல யாரும் பிடுங்கல, அது எனக்குத் தெரியுது. ஆனா இதைப் படிக்கிற வேற யாருக்காவது சம்பளத்தைப் பிடுங்கிக்கிட்டுச் செலவுக்குக் கெஞ்ச விடுற நிலைமை இருந்தா, அது 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல பொருளாதார வன்முறைன்னே இருக்கு, பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடலாம்.

கணக்கு கேக்காத பணம்

சரி, அப்ப என்ன பண்றது? ஒவ்வொரு ரூபாயையும் எழுதுற ஆப் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. கை நீண்டு போனவங்களுக்கு அது மருந்து, உங்களுக்கு விஷம். ஏற்கனவே மனசுக்குள்ள ஒரு ஆடிட்டர் உக்காந்திருக்கார், அவருக்குப் போன்லயும் ஒரு சீட் போட்டுக் குடுக்காதீங்க.

மிஞ்சுற 8,500-ல மாசம் 2,500 உங்களுக்கு. சம்பளம் வந்த அன்னிக்கே தனியா எடுத்துடணும், மிச்சம் இருந்தா பாக்கலாம்னு விடக் கூடாது. முடிவு மாசத்துக்கு ஒரு தடவை, அதுவும் நிதானமா வீட்ல உக்காந்து, காபிக் கடை வாசல்ல நின்னு இல்ல. உறுத்தல் வந்தா "இதுக்கு நான் சம்பளம் வந்த அன்னிக்கே சரின்னு சொல்லிட்டேன்"னு பதில் ரெடியா இருக்கும். பாக்கி 6,000-த்தை அவசரத்துக்குன்னு ஒதுக்கிடுங்க, ஆறு மாச வீட்டுச் செலவும் லோன் தவணையும் சேந்து தனியா இருக்கிற வரைக்கும்.

பாஸ்புக்ல காபிக் கடை பேரு வரிசையா வர்றதைப் பாத்தாலே வயித்தைக் கலக்குதுன்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு யுபிஐ லைட் சரியா இருக்கும், போன்ல யுபிஐ ஆப்புக்குள்ளயே இருக்கிற சின்ன பர்ஸ் மாதிரி. மொத்தமா 5,000 வரைக்கும் ஏத்தி வெச்சுக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் இல்லாமக் குடுக்கலாம், ஒவ்வொரு டீயும் பஜ்ஜியும் பேங்க் பாஸ்புக்ல வராது, ஏத்தின தொகை மட்டும் ஒரு வரியா வரும். வீட்டுக்காரர்கிட்ட மறைக்கிறதுக்குன்னு எடுத்துக்காதீங்க, "மாசம் 2,500 என் கைச்செலவு, நீங்களும் ஒரு தொகை வெச்சுக்கோங்க, ரெண்டு பேரும் கேட்டுக்க வேண்டாம்"னு அவர்கிட்டச் சொல்லிட்டே பண்ணுங்க.

இதுல ஒரு கண்டிஷன் இருக்கு, மத்தவங்களுக்கு நான் இதைச் சொல்றதில்ல. அந்தப் பணத்துல மிச்சம் பிடிச்சு வீட்டுக்குத் திருப்பக் கூடாது. நீங்க நிச்சயம் அப்படித்தான் பண்ணுவீங்க, மூணாவது மாசம் 4,000 சேத்து பையனுக்கு ஷூ வாங்கிக் குடுத்துட்டு எனக்கு சந்தோஷமா ஒரு லெட்டர் போடுவீங்க. பையன் ஷூ வீட்டுச் செலவுல வரட்டும். இது உங்க உடம்புக்கும் மனசுக்கும் மட்டும்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னா ஷேர் ஆட்டோவுல ஆரம்பிங்க. ராத்திரி பூரா நின்ன காலு, 20 ரூபா, முக்கால் மணி நேரத் தூக்கம். மாசத்துல எட்டு நைட் வந்தாலும் 160 ரூபாதான். ரெண்டு வாரம் கழிச்சு அந்தக் காபி. நின்னுக்கிட்டே அரக்கப்பரக்க ஊத்திக்கிட்டு ஓடாதீங்க, உக்காந்து, டவராவுல ஆத்தி, நுரை அடங்குறதுக்குள்ள குடிங்க. பொம்பளை தனியா காபிக் கடையில உக்காந்தா நாலு பேரு பாப்பாங்கன்னு எழுதியிருந்தீங்க, பாப்பாங்கதான், அந்த நாலு பேருல மூணு பேருக்கு நீங்க ஊசி போட்டிருப்பீங்க, "வணக்கம் சிஸ்டர்"னுட்டுப் போயிடுவாங்க. முதல் நாலஞ்சு தடவை உறுத்தல் வரத்தான் செய்யும். வரட்டும், அதோட வாதாடாதீங்க, அன்னிக்குச் சாயங்காலம் அதுக்குப் பரிகாரமா எதையும் குறைக்காதீங்க, ராத்திரி டிபனை விடுறது, டீயில பாலைக் குறைக்கிறது, இதெல்லாம் கூடாது.

எங்க உறுத்தணுமோ அங்க உறுத்தட்டும்

வார்டு சிஸ்டர் நடத்துற சீட்டு பதிவு பண்ணதான்னு விசாரிச்சீங்களா? 1982 சீட்டு நிதிச் சட்டப்படி இந்த அளவு சீட்டைப் பதிவு இல்லாம நடத்தக் கூடாது, அவங்க நல்லவங்களாவே இருந்தாலும் நாளைக்கு நாலு பேரு எடுத்துட்டுக் கட்டாமப் போனா உங்க பணத்துக்குப் பிடி இல்ல. இப்ப சேந்திருக்கிற சீட்டை முடிச்சுட்டு அடுத்ததுல சேராதீங்க. நகையும் அப்படித்தான், தங்கம்னா சேமிப்புன்னு மனசு அடங்கிடுது, ஆனா சேதாரம் 12 பர்சென்ட் போட்டாங்கன்னா 1 லட்ச ரூபா தங்கத்துக்கு 12 ஆயிரம் வாங்கின அன்னிக்கே போச்சு, மேல ஜிஎஸ்டி 3 பர்சென்ட் வேற. பொண்ணு ஆசைக்கு வாங்கினா ஆசைக்குன்னே வாங்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. கிரெடிட் கார்டு வாங்கி மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா அது மூணு வட்டிக்கு மேல போகும், அங்க உறுத்தினா அந்த உறுத்தலை நம்புங்க. உங்களுக்கு அது இல்ல.

பொண்ணு தஞ்சாவூர்ல ஜவுளிக் கடையில, நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே "வேணாம்மா, எனக்குப் பிடிக்கல"ன்னு சொல்லிட்டு, வெளியில வந்த அப்புறமும் அந்த சுடிதாரையே கண்ணாடி வழியாப் பாத்துட்டு நின்னான்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. "பொறுப்பான பொண்ணு"ன்னு பக்கத்துலயே எழுதியிருக்கீங்க. அவ கையில மாசம் 300 ரூபா குடுத்து என்ன வாங்கினேன்னு கேக்காம இருந்து பாருங்க. உங்களுக்குச் சொன்ன வைத்தியம்தான், டோஸ் கம்மி.

நோயான்னு கேட்டதுக்கு

நெட்ல தேடிப் பாத்துட்டு ஓசிடின்னு பயந்திருக்கீங்க. அங்க நீங்க பாத்தது ஓசிபிடியா இருக்கணும், அது ஆளுமை, அதாவது ஒருத்தரோட குணம் சம்பந்தப்பட்ட கோளாறு, ரெண்டும் வேற வேற. தனக்கும் அடுத்தவங்களுக்கும் செலவு பண்ணக் கை வராம நாளைக்கு வரப்போற ஆபத்துக்குன்னு சேத்து வெக்கிறது அதோட எட்டு அறிகுறியில ஒண்ணு, குறைஞ்சது நாலாவது இருந்தாத்தான் அந்தப் பேரையே யோசிப்பாங்க. உங்களுக்கு அந்த ஒண்ணே முழுசாப் பொருந்தல, அடுத்தவங்கன்னா அள்ளித்தான் குடுக்குறீங்க.

ஆனா லெட்டர்ல ஒரு இடம் எனக்கு இடிக்குது. தூக்கம் சரியில்லைன்னு மூணு தடவை எழுதியிருக்கீங்க, நைட் டூட்டி இல்லாத வாரத்துலயும். செலவுல மட்டும் இல்லாம, லீவு போட்டா குத்த உணர்ச்சி, உக்காந்தா குத்த உணர்ச்சி, பிள்ளைங்க சிரிச்சாலும் மனசு ஒட்டலைங்கிற மாதிரி ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா அது காசுப் பிரச்சனை இல்ல, மனச்சோர்வா இருக்கலாம், மனநல டாக்டரைப் பாக்கணும். உங்க ஆஸ்பத்திரி ஓபியிலயே போய் நிக்கக் கூச்சமா இருந்தா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் போங்க, அதுவும் முடியலைன்னா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, நைட் டூட்டி பிரேக்ல கூடக் கூப்பிடலாம். 2,500-த்தை ஆரம்பிச்சு மூணு மாசம் கழிச்சு எழுதுங்க, தூக்கம் எப்படி இருக்குங்கிறதை முதல் வரியிலயே எழுதுங்க.